வாங்கியவர் ஒருவர்... கடன் கட்டியவர் வேறொருவர்!

ஒயரிங் காண்டிராக்டர் உருக்காலை வாங்கினார். டெலிபோன் கம்பெனி ரொட்டி சுட்டது. உலகப் போருக்குப் பின் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய கம்பெனி வேட்டையும், அதன் பில் கடைசியில் யார் தலையில் விழுந்தது என்பதும்.

1955, அக்டோபர் மாதம். டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் மாநிலக் கண்காட்சி களைகட்டியிருக்கிறது. கூட்டத்துக்கு மேலே, 52 அடி உயரத்துக்கு 'பிக் டெக்ஸ்' என்ற கௌபாய் பொம்மை நிற்கிறது. ஒரு பக்கம் பரிசுக்கு வந்த மாடுகள். இன்னொரு பக்கம் சோளமாவில் முக்கிப் பொரித்த சாஸேஜைக் குச்சியோடு கடித்தபடி குழந்தைகள். நடுவே ஒரு ஸ்டால். அங்கே விற்பனைக்கு இருந்தது தின்பண்டமோ டிராக்டரோ அல்ல, 'லிங் எலெக்ட்ரிக்' என்ற ஒயரிங் கம்பெனியின் பங்குகள். ஒரு பங்கு 2.25 டாலர். போகிற வருகிறவர்கள் கையில் பங்கு வெளியீட்டு அறிக்கையைக் கொடுத்து, ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியின் முதலாளி ஜேம்ஸ் லிங்குக்கு அப்போது வயது 32. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், எலெக்ட்ரீஷியன், போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர். 1947-ல் 2,000 டாலர் முதல் போட்டுக் கடையைத் திறந்தார். இவருடைய பங்கை வெளியிடப் பெரிய முதலீட்டு வங்கிகள் முன்வரவில்லை. அதனால்தான் கண்காட்சி ஸ்டால்.

பதினான்கே ஆண்டுகள். 1969-ல் அதே கம்பெனி 'லிங்-டெம்கோ-வாட்' என்ற பெயரில், சுருக்கமாக எல்.டி.வி. என்று, அமெரிக்காவின் பெரிய தொழில் நிறுவனங்கள் பட்டியலில் 14-வது இடத்தில் நின்றது. போர் விமானம், மாட்டிறைச்சி, டென்னிஸ் மட்டை, பயணிகள் விமான சேவை, வாடகைக் கார், உருக்கு என்று அதன் குடையின் கீழ் இல்லாத சரக்கே இல்லை.

பெரிய கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி விழுங்கும் செய்தி இல்லாத வாரம் இன்று இல்லை. அறிவிப்பு வந்த அன்று பங்கு விலை ஏறுகிறது, தொலைக்காட்சியில் இரண்டு தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். அதற்குப் பின் இருபது, முப்பது ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் 1960-களின் அமெரிக்காவைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தக் கணக்கு ஆரம்பித்ததும் தெரியும், முடிந்ததும் தெரியும்.

போட்டிக் கம்பெனியை வாங்காதே... வேறெதையும் வாங்கு!

போர் முடிந்தபோது ஐரோப்பாவும் ஜப்பானும் இடிபாடுகளில் கிடந்தன. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. கார், வீடு, ஃபிரிட்ஜ் என்று உள்நாட்டில் தேவை பொங்கியது. கொரியப் போரும் பனிப்போரும் ராணுவ ஆர்டர்களைக் கொட்டின. கம்பெனிகளின் கையில் பணம் புரண்டது.

வளர ஆசைப்பட்டவன் முதலில் போட்டிக்காரனை வாங்கத்தான் நினைப்பான். அந்த வழியை 1950-ல் வந்த செல்லர்-கீஃபாவர் சட்டம் ஏறக்குறைய அடைத்துவிட்டது. ஒரே தொழிலில் இருப்பவனை வாங்கினால் வழக்கு. சரக்குக் கொடுப்பவனை வாங்கினாலும் வழக்கு. ஆனால், தனக்குச் சம்பந்தமே இல்லாத தொழிலை வாங்கினால் கேட்க ஆளில்லை. வேட்டைக்காரர்கள் அந்தச் சந்தில் புகுந்தார்கள். ஒட்டும் உறவும் இல்லாத தொழில்களை ஒரு தலைமையின் கீழ் கட்டிவைத்த 'காங்லோமரேட்' குழுமங்கள் பிறந்தது அப்படித்தான்.

இதற்கு ஒரு தத்துவமும் தயாராக இருந்தது. 'நிர்வாகம் தெரிந்தவனுக்கு எந்தத் தொழிலும் ஒன்றுதான். எண்களைப் படிக்கத் தெரிந்தால் ஏவுகணையும் ஒன்று, தட்டச்சு இயந்திரமும் ஒன்று.' போர்க்காலத்தில் விமானப்படையின் புள்ளிவிவரப் பிரிவை நடத்திய டெக்ஸ் தார்ன்டன், 1953-ல் கலிஃபோர்னியாவில் லிட்டன் இண்டஸ்ட்ரீஸைத் தொடங்கி இந்த மந்திரத்தை ஊரெங்கும் பரப்பினார். இரண்டும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து என்று ஆண்டறிக்கைகள் பேசின. வால் ஸ்ட்ரீட் கைதட்டியது.

அந்த ஐந்தாவது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: ஆணி அடிக்காமல் லாபம் ஏறிய கதை

* 'அ' கம்பெனிக்கு 100 பங்குகள். ஆண்டு லாபம் 100 ரூபாய். ஆக, பங்குக்கு 1 ரூபாய் லாபம். சந்தை அதன் மேல் மோகமாக இருப்பதால் லாபத்தைப்போல 30 மடங்கு விலை. ஒரு பங்கு 30 ரூபாய்.
* 'ஆ' கம்பெனிக்கும் ஆண்டு லாபம் அதே 100 ரூபாய். ஆனால், பழைய தொழில். சந்தை 10 மடங்குதான் தருகிறது. மொத்த மதிப்பு 1,000 ரூபாய்.
* 'அ' தாராளமாக 1,200 ரூபாய் தருகிறேன் என்கிறது. ரொக்கமாக அல்ல. 40 புதுப் பங்குகளை அச்சடித்துக் கொடுக்கிறது.
* இப்போது மொத்த லாபம் 200, பங்குகள் 140. பங்குக்கு லாபம் 1 ரூபாய் 43 காசு. ஒரே நாளில் 43 சதவிகித 'வளர்ச்சி'!
* எந்தத் தொழிற்சாலையிலும் ஓர் ஆணிகூடக் கூடுதலாக அடிக்கவில்லை. ஆனாலும், சந்தை அதே 30 மடங்கைக் கொடுத்தால் பங்கு விலை 43 ரூபாய். அந்த விலையேறிய பங்கைக் கொடுத்து அடுத்த கம்பெனியை வாங்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வாங்குவதை நிறுத்தக்கூடாது. புதுச் சீட்டு சேர்ந்தால்தான் பழைய சீட்டுக்குப் பணம் கொடுக்க முடியும் என்கிற சீட்டுக் கம்பெனியின் நிலைமைதான். பங்கு போதாதபோது பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்ற கடன் பத்திரங்களைக் கொடுத்தார்கள். அதற்குக் கட்டும் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு. ஆகவே, கடன் வாங்கி வாங்குவதற்கு அரசாங்கமே பாதித் துணை.

மாட்டிறைச்சியை மூன்று கூறு போட்டவர்

இந்த வித்தையில் கைதேர்ந்தவர் லிங். 1960-ல் டெம்கோ விமானக் கம்பெனி, 1961-ல் சான்ஸ் வாட் விமானக் கம்பெனி என்று பிடித்தவர், 1966 கடைசியில் சிகாகோவின் 'வில்சன் அண்ட் கம்பெனி' மேல் கண் வைத்தார். இறைச்சித் தொழிலில் நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. ஆண்டு விற்பனை 100 கோடி டாலரை ஒட்டி; லிங்கின் கம்பெனியைவிட இரண்டு மடங்கு பெரியது. சுமார் 8 கோடி டாலர் கடன் வாங்கிப் பாதிக்கு மேற்பட்ட பங்குகளைப் பிடித்தார். மீதிக்குத் தன் கம்பெனியின் காகிதத்தைக் கொடுத்தார்.

பிறகு வில்சனை மூன்று கூறாக்கினார். இறைச்சி ஒரு கம்பெனி, விளையாட்டுச் சாமான் ஒரு கம்பெனி, மருந்து ஒரு கம்பெனி. இறைச்சிக் கம்பெனிக்குள் அடங்கிக் கிடந்தவரை டென்னிஸ் மட்டைப் பிரிவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தனிக் கம்பெனியாக வெளியே வந்ததும் சந்தை அதன் மேல் விழுந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பங்கைப் பொதுமக்களுக்கு விற்றார். வந்த பணம் கடனுக்குப் போயிற்று. அவர் கையில் மிச்சமிருந்த பங்குகளின் சந்தை மதிப்போ வாங்கிய விலையைத் தாண்டியது. 'மீட்பால், கோல்ஃப் பால், கூஃப்பால்' என்று வால் ஸ்ட்ரீட் கேலி பேசியது. கடைசியது போதை மாத்திரைக்கு அங்கே கொச்சைப் பெயர். கேலி பேசியவர்களே அந்தப் பங்குகளையும் வாங்கினார்கள்.

1968-ல் பிரானிஃப் விமான சேவையும் நேஷனல் வாடகைக் கார் கம்பெனியும் வந்தன. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க்கின் பெரும் உருக்காலை நிறுவனமான 'ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின்'. சந்தை விலையைவிட எவ்வளவோ அதிகமாகப் பங்குக்கு 85 டாலர் கொடுத்து 63 சதவிகிதத்தை வாங்கினார். மொத்தம் 42.5 கோடி டாலர், ரொக்கம். பங்குதாரர்களிடம் நேரடியாக விலை பேசி அவ்வளவு ரொக்கம் கொடுத்து வாங்கியது அதுவரை நடந்ததில்லை. பெரும்பகுதி கடன் வாங்கிய பணம்.

பச்சைத் துணி விரித்த மேஜை

லிங் சூதாடி என்றால் ஹெரால்ட் ஜெனீன் கணக்குப்பிள்ளை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இந்த அக்கவுன்டன்ட், 1959-ல் ஐ.டி.டி. என்ற சர்வதேச டெலிபோன் கம்பெனிக்குத் தலைவரானார். 1977 வரை ஏறக்குறைய 350 கம்பெனிகளை வாங்கினார். ஏவிஸ் கார், ஷெரட்டன் ஹோட்டல், லெவிட் வீடுகள், 'ஒண்டர் பிரெட்' ரொட்டி சுட்ட கான்டினென்டல் பேக்கிங், 1970-ல் ஹார்ட்ஃபர்ட் காப்பீட்டு நிறுவனம் என்று பட்டியல் நீண்டது.

மாதம் ஒரு தடவை பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய மேலாளர்களைக் கூட்டுவார். பச்சைத் துணி விரித்த நீண்ட மேஜைகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். திரையில் ஒவ்வொரு கம்பெனியின் எண்களும் வரும். திட்டமிட்டதைவிட ஓர் எண் குறைந்திருந்தாலும், அந்த மேலாளர் அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். திடீர்ச் செய்தி எதுவும் தன் காதுக்கு வரக்கூடாது என்பது ஜெனீனின் கொள்கை. அவர் ஆட்சியில் 58 காலாண்டுகள் தொடர்ந்து லாபம் ஏறியதாகக் கணக்குக் காட்டப்பட்டது.

பெட்டிச் செய்தி: எண்களில்

* 1969-ல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட கம்பெனி இணைப்புகள்: 6,100-க்கு மேல்.
* ஐ.டி.டி. விற்பனை: 1959-ல் சுமார் 76 கோடி டாலர், ஜெனீன் விலகிய 1977-ல் 1,600 கோடி டாலருக்கு மேல்.
* எல்.டி.வி. பங்கு விலை: 1967 உச்சத்தில் 169 டாலர்; 1970-ல் 20 டாலருக்குக் கீழ்.
* டவ் ஜோன்ஸ் குறியீடு: 1968 டிசம்பரில் 985, 1970 மே மாதத்தில் 631.

ஒரு காலாண்டு சறுக்கியது

1968 ஜனவரியில் லிட்டன் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தக் காலாண்டில் லாபம் குறையும். அவ்வளவுதான் செய்தி. பதினான்கு வருஷமாக ஏறிக்கொண்டே இருந்த கம்பெனி முதல் முறையாக இறங்குகிறது என்றதும் அதன் பங்கு சரிந்தது. நிர்வாகம் தெரிந்தவனுக்கு எல்லாத் தொழிலும் ஒன்று என்ற மந்திரத்தின் மேலேயே முதல் கீறல் விழுந்தது.

1969-ல் நிக்சன் அரசின் நீதித்துறை உதவி அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் மெக்லாரன், எல்.டி.வி. மீதும் ஐ.டி.டி. மீதும் வழக்குப் போட்டார். அதே ஆண்டு வந்த வரிச் சட்டம், கம்பெனி வாங்க எழுப்பிய கடனின் வட்டிக்கான சலுகையை வெட்டியது. சந்தையும் இறங்கியது. பங்கு விலை ஏறினால்தான் ஓடும் வண்டி, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டது.

லிங் வாங்கிய உருக்காலையில் லாபம் வறண்டது. கடனுக்கு வட்டி மட்டும் வறண்டுபோகவில்லை. 1970-ல் இயக்குநர் குழு அவரை நாற்காலியிலிருந்து இறக்கியது. அரசுடன் ஏற்பட்ட சமரசப்படி எல்.டி.வி. உருக்காலையை வைத்துக்கொண்டு, பிரானிஃபையும் இன்னொரு கம்பெனியையும் விற்க வேண்டியதாயிற்று. லிங் மறுபடி ஒரு குழுமம் கட்டினார். அதுவும் 1975-ல் திவாலானது.

வழக்கமாக இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள், பேராசைக்காரர் ஒருவரின் வீழ்ச்சியாக. லிங் 2004-ல் இறந்தார். ஆனால், அவர் விட்டுப்போன கடன் அவரைவிட ஆயுசு கெட்டி.

முதல் பில்: யங்ஸ்டவுனுக்கு

ஒஹையோ மாநிலத்தில் மஹோனிங் ஆற்றோரம் யங்ஸ்டவுன். மைல்கணக்கில் நீண்ட உருக்காலைகள்தான் ஊர். அதில் முக்கியமானது, உள்ளூர்க்காரர்களே 1900-ல் தொடங்கிய 'யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப்'. 1969-ல் இதை வாங்கியது நியூ ஆர்லியன்ஸின் லைக்ஸ் என்ற கப்பல் கம்பெனி. தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருக்காலையை, பெரும்பாலும் காகிதம் கொடுத்தும் கடன் வாங்கியும் வளைத்தது. கையில் ரொக்கம் புரளும் பழைய கம்பெனி என்பதுதான் உருக்காலையிடம் அது கண்ட அழகு.

அந்த ரொக்கம் கடனுக்குப் போனது. உருக்குத் தொழிலில் அது மன்னிக்க முடியாத நேரம். ஜப்பானியர்கள் ஆக்சிஜன் உலைக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஒரு வார்ப்பு உருக்கைப் பழைய திறந்த உலையில் காய்ச்ச எட்டு மணி நேரம் ஆகும் என்றால், புது உலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. யங்ஸ்டவுனின் ஆலைகள் பழைய உலைகளோடேயே காலத்தை ஓட்டின.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. ஷீட் அண்ட் டியூபின் கேம்ப்பெல் ஆலையில் பெரும்பகுதியை மூடுவதாக லைக்ஸ் அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. ஊர் இன்றும் அந்த நாளைக் 'கருப்புத் திங்கள்' என்றே சொல்கிறது. தேவாலயங்கள் ஒன்றுகூடின, தொழிலாளர்களும் ஊராரும் சேர்ந்து ஆலையை வாங்கி நடத்தத் திட்டம் போட்டார்கள். அரசு கடனுக்கு உத்தரவாதம் தந்தால் போதும் என்று கேட்டார்கள். 1979-ல் கார்ட்டர் அரசு மறுத்துவிட்டது. கப்பல் கம்பெனி உருக்காலை வாங்கக் கடன் கொடுக்க வங்கிகள் இருந்தன. உருக்கு காய்ச்சத் தெரிந்தவர்கள் அதே ஆலையை வாங்கக் கடன் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

லைக்ஸ் அதற்குள் இன்னொரு இணைப்பைத் தேடிக்கொண்டது. 1978-ல் அது போய்ச் சேர்ந்த இடம், லிங் உருவாக்கிய அதே எல்.டி.வி. அடுத்த ஆண்டே யங்ஸ்டவுனின் பிரையர் ஹில் ஆலையும் மூடப்பட்டது. 1960-ல் யங்ஸ்டவுனின் மக்கள்தொகை 1,66,000-க்கு மேல். 2020 கணக்கெடுப்பில் 60,000.

எல்லாப் பழியையும் கம்பெனி வேட்டையின் மேல் போடுவது நியாயமில்லை. இறக்குமதி உருக்கு மலிவு. பழைய இரும்பை உருக்கும் சிறு ஆலைகள் வேறு வந்துவிட்டன. குழுமங்களிடம் சிக்காத உருக்காலைகளும் அந்தக் காலத்தில் மூடப்பட்டன. ஆனால், கெட்ட காலத்துக்கென்று ஓர் ஆலை நல்ல காலத்தில் சேர்த்துவைத்திருக்க வேண்டிய பணம் இங்கே வாங்கியவரின் கடனுக்குப் போய்விட்டது. புயல் எல்லோர் வீட்டிலும்தான் அடித்தது. இந்த வீட்டில் கூரையை ஏற்கெனவே அடகு வைத்திருந்தார்கள்.

இரண்டாவது பில்: ஓய்வூதியக்காரர்களுக்கு

ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின், யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப், 1984-ல் ரிபப்ளிக் ஸ்டீல் என்று நோயாளி உருக்காலைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்ட எல்.டி.வி., 1986 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அமெரிக்கா அதுவரை கண்ட பெரிய தொழில் திவால்களில் ஒன்று அது. மனு கொடுத்த கையோடு, ஓய்வுபெற்ற பல பத்தாயிரம் தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீட்டையும் ஆயுள் காப்பீட்டையும் நிறுத்தியது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, நாடாளுமன்றமும் கொதிக்க, மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. திவாலான கம்பெனி இனி அப்படி ஒரே இரவில் நிறுத்தக்கூடாது என்று 1988-ல் சட்டமே வந்தது.

ஓய்வூதிய நிதியில் விழுந்த ஓட்டை 200 கோடி டாலருக்கு மேல். தனியார் ஓய்வூதியங்களுக்கு உத்தரவாதம் தரும் அரசு அமைப்பின் தலையில் அது விழுந்தது. இந்த அமைப்பு ஓடுவது மற்றக் கம்பெனிகள் கட்டும் பிரீமியத்தில். ஆக, ஒழுங்காக நிதி ஒதுக்கிய கம்பெனி, ஒதுக்காத கம்பெனிக்காகக் கட்டுகிறது. எல்.டி.வி.யே அந்தச் சுமையைத் திரும்ப ஏற்க வேண்டும் என்று அமைப்பு வழக்காடி, 1990-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது.

வென்று என்ன பயன்? 2000 டிசம்பரில் எல்.டி.வி. இரண்டாவது முறை திவால். இந்தத் தடவை எழவில்லை. ஓய்வூதியங்கள் மறுபடி அரசு அமைப்பிடம் வந்தன, உச்சவரம்புக்கு உட்பட்டு. 2002-ல் மருத்துவக் காப்பீடு ஒரேயடியாக நின்றது. முப்பது வருஷம் உலை முன்னால் நின்று, சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து வாங்கிய காப்பீடு அது. அறுபது வயதில், சொந்தக் காசில் மருத்துவக் காப்பீடு எடுப்பது அமெரிக்காவில் என்ன செலவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டே நாடாளுமன்றம் இத்தகையவர்களின் பிரீமியத்தில் ஒரு பகுதிக்கு வரிச் சலுகை கொடுத்தது. அதாவது, பில்லின் அடுத்த துண்டு வரி செலுத்துவோருக்குப் போயிற்று.

ஆலைகளை வாங்கியவர் வில்பர் ராஸ் என்ற முதலீட்டாளர். பழைய ஓய்வூதியப் பொறுப்புகள் ஒட்டாத சுத்தமான சொத்தாக அவை அவர் கைக்கு வந்தன. வேறு சில திவால் ஆலைகளையும் சேர்த்து அவர் கட்டிய கம்பெனியை, 2004-ல் அறிவித்த ஒப்பந்தத்தில் சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியவர் ராஜஸ்தானில் பிறந்த லட்சுமி மிட்டல். எல்.டி.வி.யிடம் இருந்த கிளீவ்லாந்து உலைகள் நம்மூர்ப் பெயர் ஒன்றின் கீழ் எரிந்த அந்த நாளில், அதே உலைகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களின் காப்பீடு திரும்பி வரவில்லை.

மூன்றாவது பில்: ஜனநாயகத்துக்கு

லிங்கின் சேதம் ஆலைகளில் என்றால், ஜெனீனின் சேதம் அரசாங்கங்களில். ஹார்ட்ஃபர்ட் காப்பீட்டு நிறுவனத்தை விட்டுக்கொடுக்க ஐ.டி.டி.க்கு மனமில்லை. 1971-ல் அரசுடன் சமரசம் ஏற்பட்டது. ஹார்ட்ஃபர்டை வைத்துக்கொள்ளலாம், ஏவிஸ், லெவிட் முதலியவற்றை விற்க வேண்டும். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சன் ஒரு குறிப்பை வெளியிட்டார். ஐ.டி.டி.க்காக வாஷிங்டனில் காரியம் பார்த்துவந்த டிட்டா பியர்ட் எழுதியதாகச் சொல்லப்பட்ட அது, சான் டியாகோவில் நடக்கவிருந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்கான நான்கு லட்சம் டாலர் நன்கொடையையும் இந்த வழக்கையும் முடிச்சுப் போட்டுப் பேசியது. நிறுவனம் மறுத்தது. மாநாடு மயாமி பீச்சுக்கு மாறியது. வழக்கை விட்டுவிடச் சொல்லி நிக்சனே நீதித்துறைக்கு உத்தரவிட்ட பேச்சு, பின்னால் வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் கிடைத்தது. அரசு செய்துகொள்ளும் சமரசங்களை நீதிபதி பொதுநலக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்ற 1974-ம் ஆண்டு டன்னி சட்டம் அந்த அசிங்கத்தின் பிள்ளை.

சிலியில் விஷயம் இன்னும் கறுப்பு. அந்த நாட்டு டெலிபோன் கம்பெனியின் 70 சதவிகிதம் ஐ.டி.டி. கையில். சோஷலிஸ்டான சல்வடோர் அயெண்டே வென்றால் அது நாட்டுடைமையாகும் என்ற பயம். 1970-ல் அவர் பதவிக்கு வராமல் தடுக்கப் பத்து லட்சம் டாலர் தரத் தயார் என்று ஐ.டி.டி. அமெரிக்க அரசிடம் சொன்னது, 1973-ல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் நடத்திய விசாரணையில் வெளியானது. சி.ஐ.ஏ.வின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கோன் அப்போது ஐ.டி.டி.யின் இயக்குநர்களில் ஒருவர். அந்தப் பணம் ஏற்கப்படவில்லை. அயெண்டே பதவியேற்றார், 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. கவிழ்ப்பை ஐ.டி.டி. நடத்தியது என்று சொல்ல முடியாது. ஆனால், ஒரு நாட்டின் தேர்தல் முடிவைத் தன் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகப் பார்க்கும் அளவுக்கு ஒரு கம்பெனி வளர்ந்துவிட்டது என்பதற்கு அந்த விசாரணைப் பதிவுகளே சாட்சி.

விற்றவரும் தப்பவில்லை

கம்பெனியை நல்ல விலைக்கு விற்றவர்களாவது பிழைத்தார்களா? போருக்குப் பின் ராணுவ வீரர்களுக்குப் புறநகரில் மலிவு வீடுகள் கட்டிப் புகழ்பெற்ற வில்லியம் லெவிட்டைப் பாருங்கள். 'லெவிட் அண்ட் சன்ஸ்' கம்பெனியைச் சுமார் 9.2 கோடி டாலருக்கு ஐ.டி.டி.யிடம் கொடுத்தார். கிடைத்தது பெரும்பாலும் ஐ.டி.டி. பங்குகள். குறிப்பிட்ட காலத்துக்கு அமெரிக்காவில் வீடு கட்டும் தொழிலில் இறங்கக்கூடாது என்பது நிபந்தனை. அவர் அந்தப் பங்குகளை அடகு வைத்து வெளிநாடுகளில் தொழில் தொடங்கினார். பங்கு விலை சரிந்தது, அடகு மூழ்கியது. 1994-ல் இறந்தபோது அவரிடம் பழைய செல்வம் மிச்சமில்லை. காகிதம் கொடுத்து வாங்கினார்கள் என்றால், காகிதத்தை வாங்கிக்கொண்டு விற்றவரும் ஒருவர் இருந்தார் அல்லவா?

பெட்டிச் செய்தி: நிறுத்தத் தெரிந்த ஒருவர்

இந்தக் கூட்டத்தில் ஹென்றி சிங்கிள்டன் தனி ரகம். 1960-ல் டெலிடைன் கம்பெனியைத் தொடங்கி, அந்தப் பத்தாண்டில் சுமார் 130 கம்பெனிகளை வாங்கினார். தன் பங்கு விலை உச்சத்தில் இருந்தபோது அதையே பணமாகக் கொடுத்தார். 1969-ல் விலை சரியத் தொடங்கியதும் வாங்குவதை நிறுத்திவிட்டார். 1972-லிருந்து தலைகீழாகத் திரும்பி, மலிந்து கிடந்த தன் பங்குகளையே திரும்ப வாங்கினார். 1984-க்குள் ஏறக்குறைய 90 சதவிகிதம் அவர் கம்பெனிக்கே திரும்பிவிட்டது. காகிதம் எப்போது விலை அதிகம், எப்போது மலிவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வளர்ச்சிக் கணக்கைத் தாங்களே நம்பிவிட்ட மற்றவர்களிடமிருந்து அவர் விலகி நின்றது அங்கேதான்.

கட்டியதற்கும் கமிஷன், உடைத்ததற்கும் கமிஷன்

வேட்டை முடிந்த பிறகு என்ன ஆயிற்று? ஜெனீனுக்குப் பின் வந்த ராண்ட் அரஸ்காக், அவர் சேர்த்ததில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை விற்றுத் தள்ளினார். மிச்சமிருந்த ஐ.டி.டி. 1995-ல் மூன்றாக உடைந்தது. பம்பர் தயாரிப்பிலிருந்து கிளம்பி, துத்தநாகச் சுரங்கமும் டொமினிக்கன் குடியரசின் கரும்புக் காடும் பாரமவுன்ட் சினிமாவுமாகப் பரந்த சார்ல்ஸ் புளூடார்னின் 'கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன்', அவர் மறைந்த பிறகு ஒவ்வொன்றாக விற்று, சினிமா உள்ளிட்ட பொழுதுபோக்குத் தொழிலையும் பதிப்பகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு 1989-ல் பாரமவுன்ட் என்றே பெயர் மாற்றிக்கொண்டது. 'பல தொழில் சேர்ந்தால் பலம்' என்று 1960-களில் சொன்ன வால் ஸ்ட்ரீட், 1980-களில் 'ஒரே தொழிலில் கவனம் வை' என்றது. சேர்த்துவைத்தபோதும் கமிஷன் வாங்கியது, பிரித்துவிட்டபோதும் வாங்கியது.

சட்டங்களும் மாறின. பங்குதாரர்களிடம் நேரடியாக விலை பேசும்போது விவரங்களை வெளியிட வேண்டும் என்று 1968-ல் வில்லியம்ஸ் சட்டம் வந்தது. வாங்கிய கம்பெனியின் உண்மை விலையைக் கணக்குப் புத்தகத்தில் மறைக்க உதவிய கணக்கு முறை 1970-ல் இறுக்கப்பட்டு, 2001-ல்தான் முற்றிலும் ஒழிந்தது. ஓய்வூதியத்துக்கு உத்தரவாதம் 1974-ல். ஓய்வுபெற்றவர் காப்பீட்டுக்குப் பாதுகாப்பு 1988-ல். தேதிகளைக் கவனியுங்கள். பங்குதாரருக்கான பாதுகாப்பு வேட்டை நடக்கும்போதே வந்தது. தொழிலாளிக்கான பாதுகாப்பு, வேட்டை ஓய்ந்த பிறகு வந்தது.

ஒப்பந்த அறிவிப்புகளில் எப்போதும் விலை இருக்கும், புதுக் கம்பெனியின் பெயர் இருக்கும், மிச்சமாகும் செலவு இருக்கும். கொடுப்பது ரொக்கமா காகிதமா, கடன் யார் கணக்கில் ஏறுகிறது, வாங்கப்படும் ஆலையில் புது இயந்திரம் எந்த ஆண்டு வரும் என்பதெல்லாம் சிறு எழுத்தில் எங்காவது இருக்கும், அல்லது இருக்காது. அந்தச் சிறு எழுத்தில்தான் யங்ஸ்டவுனின் தலையெழுத்து இருந்தது.

பெரிய ஆலையை மூடுவதானால் 60 நாள் முன்பே தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 1988-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. கருப்புத் திங்களன்று யங்ஸ்டவுனுக்கு அந்த 60 நாள்கூடக் கிடைத்திருக்கவில்லை. அதே ஆலையை வாங்குவதற்கு முன்னால் அங்கே வேலை செய்பவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிற சட்டம் அங்கே இன்னும் வரவில்லை.